சார் இல்லாத பால்வெட்டுப் பயிற்சிக்கூடம்: ஒரு பழைய மாணவரின் மதிப்பீடு

ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களும், தங்கள் தோட்டத்துக்கு நல்ல வெட்டுக்காரர் வேண்டும் என்று தேடுகிறவர்களும் கடந்த ஓராண்டாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சார் போய்விட்டாரே, அவருடைய பயிற்சிக்கூடத்தில் இனிமேல் சேர்ந்தால் பயன் உண்டா என்பதே அந்தக் கேள்வி. நான் அங்கே படித்தவன். திற்பரப்புப் பக்கம் உள்ள எங்கள் சிறு தோட்டத்தில் இன்றுவரை நானே பால் வெட்டுகிறேன். உறவினர் பிள்ளைகள் சிலரையும் அங்கே சேர்த்துவிட்டிருக்கிறேன். அண்மையில் ஒரு குழுவின் பயிற்சியை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஆகவே, சார் இருந்த காலத்தையும் இப்போதைய நிலையையும் ஒப்பிட்டு எழுதுவது சேர நினைப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். அவரைப் பற்றி எழுதாமல் அந்தக் கூடத்தைப் பற்றி எழுத முடியாது என்பதால் இதில் பெரும்பகுதி அவரைப் பற்றியதாகவே இருக்கும்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஓடு வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகையும், அதன் பின்புறம் புகைக்கூடும், சுற்றிலும் வெவ்வேறு வயதுள்ள ரப்பர் மரங்களும் உள்ள இடம் அது. பெயர்ப் பலகை இல்லை. பயிற்சி நான்கு வாரம். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கட்டணம் ஒரு வெட்டுக்காரர் குடும்பத்துக்குத் தாங்கக்கூடியதுதான், அதையும் கூலி கிடைத்த பிறகு கொடுத்தவர்கள் உண்டு.

சார் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்தில் வெட்டுக்காரராகச் சேர்ந்தவர். பிறகு மேற்பார்வையாளராகி, கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியத்தின் பயிற்சிகளுக்குப் போய் வந்து, அங்கே கேட்டதையெல்லாம் தம் கைப்பழக்கத்தோடு ஒத்துப் பார்த்துச் சரியென்று தெரிந்ததை மட்டும் பாடமாக்கிக்கொண்டவர். தமிழ்நாட்டின் ரப்பர் பரப்பில் மிகப் பெரும்பகுதி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1984இல் உருவான அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் ஒருபுறம் இருக்க, அருமனை, களியல், கடையால், திருவட்டார் என்று எங்கு திரும்பினாலும் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளே மிகுதி. பெரிய தோட்டங்களில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும். சிறு விவசாயியின் மரத்தில் கத்தி வைப்பவருக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஓய்வு பெற்ற பிறகு சொந்த நிலத்தில் இந்தக் கூடத்தைத் தொடங்கினார்.

அவருடைய பாடத்தின் உயிர் பட்டையைப் பற்றிய அறிவு. ரப்பர் பால் மரத்துக்குள்ளே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பட்டைக்குள் இருக்கிறது. பட்டையின் வெளிப்பகுதி கரடுமுரடான தக்கை, அதற்கு உள்ளே போகப் போகப் பால்குழல்கள் அடர்ந்துகொண்டே போகும், மரத்தோடு ஒட்டிய மென்மையான பகுதியில்தான் அவை மிகவும் நெருக்கமாக இருக்கும். அதற்கும் தடிக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. வெட்டிய இடத்தில் மீண்டும் பட்டை வளர்வது அந்தப் படலத்தால்தான். ஆகவே வெட்டுக்காரர் பால் மிகுந்த இடம் வரை போகவும் வேண்டும், படலத்தைத் தொடாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டு நிற்கவும் வேண்டும். இந்த 1 மில்லிமீட்டருக்காகத்தான் நான்கு வாரமும்.

முதல் வாரம் அவர் யாரையும் உயிருள்ள மரத்தின் அருகே விடமாட்டார். முறித்துக் கொண்டுவந்த தடிகளை மூங்கில் கால்களில் நிறுத்தி வைத்து, அவற்றில் தகரத் தகட்டால் செய்த அச்சை வைத்துக் கோடு போடச் சொல்வார். ஒட்டுக்கட்டிய மரத்துக்கு 30 பாகை சாய்வு, விதை மரத்துக்கு 25 பாகை. கோடு மரத்தின் சுற்றளவில் பாதி. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். ஏன் இடமிருந்து வலமாகச் சரிய வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பால்குழல்கள் நேர்குத்தாக ஓடுவதில்லை, மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன, ஆகவே எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் மிகுதியான குழல்கள் அறுபடும் என்பதைச் சார் ஒரு தடியில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். காரணம் தெரிந்த பிறகு கோடு தானாகவே நேராக வந்தது. அதிகாலையில் வெட்ட வேண்டியதன் காரணத்தையும் அப்படியே சொன்னார். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்குவதற்கு முன் குழல்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் தடையின்றி ஓடும், பிந்திப் போனால் அந்த ஓட்டம் குறைந்துவிடும்.

அவரிடம் இருந்த கருவிகளில் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது, சைக்கிள் சக்கரக் கம்பியைத் துண்டாக்கி முனையைக் கூர்தீட்டிச் செய்த ஓர் ஊசி. அதன் உடலில் அரத்தால் நெருக்கமாகக் கீறல்கள் போட்டிருப்பார். மாணவர் வெட்டி முடித்ததும் கோட்டின் மூன்று இடங்களில் அதை மெல்ல அழுத்துவார். தடியில் முட்டி நின்றதும் நகத்தால் அளவைப் பிடித்து, வெளியே எடுத்து, மீதமிருக்கும் பட்டை எவ்வளவு என்று மாணவரையே படிக்கச் சொல்வார். பிறகு கீழே விழுந்த சீவல்களைப் பொறுக்கி உள்ளங்கையில் பரப்புவார். நேந்திரங்காய் வறுவலுக்குச் சீவியது போல எல்லாம் ஒரே கனத்தில் இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால், “மக்களே, கை நடந்திருக்கு, கால் நடக்கல்லியே” என்பார். வெட்டுக்காரர் மரத்தைச் சுற்றிக் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி இழுத்தால் கோட்டின் கடைசியில் கத்தி ஆழமாகப் போய்விடும் என்பதே அதன் பொருள். குற்றம் சீவலில் தெரியும், காரணம் காலில் இருக்கும். இதை அவர் அளவுக்குத் துல்லியமாகக் கண்டுபிடித்துச் சொன்ன வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து முறிக்கப் போகும் பழைய மரங்களில் வெட்டச் சொல்வார். காயம் பட்ட இடத்தைச் சுற்றி அவரே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார், திட்டமாட்டார். கொட்டகையின் வாசலில், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ தாறுமாறாக வெட்டிய ஒரு மரத்தை அவர் முறிக்காமல் வைத்திருந்தார். அதன் தடி முழுவதும் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அந்த முடிச்சுகளின் மீது வளர்ந்த பட்டையில் மறுபடியும் கத்தியை ஓட்ட முடியாது. ஒவ்வொரு மாணவரும் அந்த முடிச்சுகளைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத ஒழுங்கு.

மூன்றாம் வாரத்தில் கணக்கு வரும். ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் பட்டை போக வேண்டும். ஒன்றுவிட்ட நாள் வெட்டி, மழையும் ஓய்வும் கழித்து ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்துக்கொண்டால் 22.5 சென்டிமீட்டர் பட்டை தீரும். கோடு தொடங்குவது ஒட்டு இணைந்த இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் என்பதால் ஒரு பக்கப் பட்டை ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். இரண்டு பக்கத்தையும் வெட்டி முடிக்கப் பத்து ஆண்டுக்கு மேலாகும். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை தேறியிருக்கும், மறுபடியும் அங்கே வரலாம். அதே வெட்டுக்காரர் அவசரத்தில் 3 மில்லிமீட்டர் சீவினால் ஒரு பக்கம் மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும். பால் அதனால் கூடுவதும் இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரம் வெட்டும் ஒருவருடைய கையில் இந்த ஒன்றரை மில்லிமீட்டர் எத்தனை குடும்பங்களின் எத்தனை ஆண்டு வருமானம் என்று அவர் கேட்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தக் கணக்கையே ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டுவார். வடமாநிலங்களிலிருந்து வந்து தமிழ் தெரியாமல் நின்ற இளைஞர்களும் அந்தக் கயிற்றைப் பார்த்துப் புரிந்துகொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

தோட்டக்காரர்களுக்கு அவர் தனியாக ஒரு நாள் வகுப்பு எடுப்பார். பால்வெட்டுப் பயிற்சி என்ற பெயரில் வெட்டுக்காரரை மட்டும் திருத்தப் பார்ப்பவர்கள் உண்டு, சார் அப்படி இல்லை என்பதால் இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மரம் வெட்டுக்குத் தகுதி பெறுவது வயதால் அன்று, பருமனால். ஒட்டுமரம் 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வர வேண்டும், தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரமாவது அந்தப் பருமனை அடைந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு ஆகிவிட்டதே, கடன் இருக்கிறதே என்று மெலிந்த மரத்தில் கத்தி வைக்கச் சொல்லும் உரிமையாளரிடம் அவர் நேருக்கு நேர் மறுத்துப் பேசுவார். நம் ஊரில் மிகுதியாக நட்டிருக்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 நிறையப் பால் தரும் இரகம்; ஆனால் அடிக்கடி வெட்டினால் பட்டை மரப்பு அதற்கு எளிதில் வந்துவிடும். பால் நின்று, கோடு காய்ந்து, பட்டை பழுப்பேறிய பின் அந்தப் பட்டையிலிருந்து பால் எடுப்பது அரிது. அந்த இரகத்துக்கு மூன்று நாளுக்கு ஒரு வெட்டு என்ற ரப்பர் வாரியத்தின் பரிந்துரையை அவர் விடாமல் வலியுறுத்தினார். விலை ஏறும்போது தினமும் வெட்டச் சொல்வதும், விலை விழும்போது பாதிப் பங்குக்கு ஆள் விட்டுவிட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்க்காமல் இருப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள் என்று அவர் சொன்னது பல உரிமையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. மரம் கெட்டால் பழி வெட்டுக்காரர் மீது விழும் ஊரில், அவர்களுக்காகப் பேச ஒருவர் இருந்தார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

பாலை உறையவைத்துத் தகடாக்கும், அதாவது ஷீட் அடிக்கும், பாடம் கடைசி வாரத்தில் வரும். பாலை 40, 60 கண் சல்லடைகளில் வடிகட்டுவது, அளந்து தண்ணீர் சேர்ப்பது, பார்மிக் அமிலத்தை நீர்த்து உறை ஊற்றுவது, ரோலரில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அடிப்பது, புகைக்கூட்டில் 40 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நான்கு நாள் உலர்த்துவது ஆகியவை அதில் அடங்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதை ஒவ்வொருவரையும் தனித்தனியே செய்யவைத்துப் பார்க்காமல் சார் விடமாட்டார். இந்தப் பகுதியை உண்மையில் நடத்தியவர் அவருடைய மனைவி. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். குமிழி, கறை, சல்லடைத் தூசி, வேகாத வெள்ளைத் திட்டு எதுவாக இருந்தாலும் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும்.

சார் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சில நாள்களில் காலமானார். வெட்டுக்கோட்டில் மழைநீர் இறங்காதபடி மரங்களுக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டும் வேலையைத் தம் கண்காணிப்பிலேயே முடித்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை. அடக்கத்துக்கு வந்த வெட்டுக்காரர்களில் பலர் அன்றைய வெட்டை முடித்து, பால் எடுத்து, உறை ஊற்றிவிட்டே வந்திருந்தார்கள். உடுப்பில் பால் கறை காயாமல் இருந்தது. எடுக்காமல் விட்ட பால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிப் பாதி விலைக்குப் போவதைச் சார் பொறுக்கமாட்டார் என்று ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். அவரைப் பற்றி அன்று பேசப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது அதுதான்.

இனி இப்போதைய நிலை. வெட்டுப் பாடத்தை அவருடைய மூத்த மாணவியான ஒரு தங்கச்சி நடத்துகிறார். கணவரை இழந்த பிறகு பிள்ளைகளை வளர்ப்பதற்காகக் கத்தி பிடிக்கக் கற்றவர், பின்னர் சாருக்கு உதவியாளராகப் பல ஆண்டு இருந்தவர். அவருடைய கை சாரின் கையைவிட நிதானமானது என்றே சொல்வேன். சைக்கிள் கம்பி ஊசி இப்போது அவரிடம் இருக்கிறது, மூன்று இடத்தில் குத்திப் பார்க்கும் வழக்கமும் அப்படியே தொடர்கிறது. முதல் வாரம் தடியில்தான் என்ற கட்டுப்பாட்டை அவர் தளர்த்தவில்லை. அவர் வந்த பிறகு பெண்கள் கூடுதலாகச் சேர்கிறார்கள். விடியும் முன் தோட்டத்துக்குள் தனியாகப் போக வேண்டிய தொழில் என்பதால் தலைவிளக்கு, பாம்புக்கு எதிரான காலணி, இருவராகச் சேர்ந்து வெட்டும் முறை ஆகியவற்றை அவர் பாடத்திலேயே சேர்த்திருக்கிறார். சார் காலத்தில் இவை பேச்சோடு பேச்சாக மட்டுமே வந்தன. நல்ல மாற்றம் இது.

கணக்கு வகுப்பு மட்டும் மெலிந்துவிட்டது. தங்கச்சி சாரின் குறிப்பேட்டைத் திறந்துவைத்துப் படித்துக் காட்டுகிறார். எண்கள் எல்லாம் சரி, ஆனால் கேள்வி கேட்டு மாணவரின் வாயிலிருந்தே விடையை வரவழைக்கும் அந்த நிறுத்தம் இல்லை. எட்டுப் பேரில் சிலர் எண்களைக் கேட்டுக்கொண்டார்களே தவிர விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கயிற்று முடிச்சுப் பாடத்தை அவர் மீண்டும் எடுக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். தோட்டக்காரர்களுக்கான தனி வகுப்பு நின்றுபோய்விட்டது. ஒரு பெண் சொல்லி, அதுவும் கூலிக்கு வெட்டிய ஒருவர் சொல்லி, நிலம் வைத்திருப்பவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதே காரணம் என்று அறிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஐந்தாறு தோட்டக்காரர்கள் சேர்ந்து கேட்டால் அந்த வகுப்பு மறுபடியும் தொடங்கும். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஷீட் பாடத்தில் அக்கா முன்போலவே இருக்கிறார். உடல்நிலை காரணமாக எல்லா நாளும் வர முடிவதில்லை என்பதால் தரம் பிரிக்கும் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. புகையூட்டிய ஷீட்டின் தரநிலைகளான ஆர்.எஸ்.எஸ். 4க்கும் 5க்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்க ஒரு நாள் போதாது. கடையில் கொண்டுபோய் வைக்கும்போது சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வரும் நிலை நம் சிறு விவசாயிகளுக்கு இருக்கும்வரை இந்தப் பாடம் கூடவேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு இரண்டாம் மாதச் சோதனை. பயிற்சி முடிந்து சொந்தமாக வெட்டத் தொடங்கியவரின் தோட்டத்துக்கு இரண்டாம் மாதம் சார் தம் பழைய ஸ்கூட்டரில் சொல்லாமல் வந்து நிற்பார். மரம் மரமாகப் போய்க் காயங்களை எண்ணுவார், கோட்டின் சாய்வு தட்டையாகத் தொடங்கியிருந்தால் அச்சை வைத்துத் திருத்திக் கொடுப்பார், கத்தியை வாங்கித் தீட்டிக் காட்டிவிட்டுப் போவார். பிழைகள் பயிற்சிக்கூடத்தில் தெரிவதில்லை. கண்காணிக்க ஆளில்லாத இரண்டாம் மாதத்தில்தான் அவை கையில் படிகின்றன. இதைச் சான்றிதழோடு கணக்கை முடித்துக்கொள்ளும் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் அவருடைய சேவையின் உயரம் விளங்கும். வேறொரு இடத்தில் சில நாளில் சான்றிதழ் வாங்கி வந்த ஒருவரை ஓர் ஆண்டு எங்கள் மரங்களில் வெட்டவிட்டோம். அவர் பிழைக்கத் தெரியாதவர் அல்லர், பயிற்சிக்குப் பிறகு அவரை வந்து பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டையில் இன்றும் முடிச்சு இருக்கிறது. தங்கச்சிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேருந்து போகாத தோட்டங்களே நம் பகுதியில் மிகுதி. ஆகவே இந்தச் சோதனை இப்போது பக்கத்து ஊர்களோடு நின்றுவிடுகிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், புதிதாகக் கத்தி பிடிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பயிற்சிக்கூடத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கை வேலையைப் பொறுத்தவரை சார் இருந்தபோது கிடைத்தது இன்றும் கிடைக்கிறது. ஏற்கெனவே வெட்டத் தெரிந்து, ஷீட் தரத்தையும் விற்பனையையும் மட்டும் கற்க விரும்புகிறவர்கள் அக்காவின் உடல்நிலை தேறி அவர் எல்லா நாளும் வருகிற காலம்வரை பொறுத்திருக்கலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது வெட்டுக்கு ஓய்வு விடுவதால் அப்போது குழு எடுப்பதில்லை. மழைக்காப்பு ஒட்டுவதையும் சேர்த்துக் கற்க வேண்டுமானால் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய குழுவில் சேருவதே நல்லது, அதற்கு முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்கும்போதே இரண்டாம் மாதச் சோதனைக்கு வருவீர்களா என்று தங்கச்சியிடம் கேளுங்கள். காலையில் வண்டியில் வந்து அழைத்துப்போய், வெட்டு முடிந்ததும் திரும்பக் கொண்டுவிட நாம் ஏற்பாடு செய்தால் எவ்வளவு தொலைவானாலும் வருவதாக அவர் சொல்லியிருக்கிறார், ஊசியையும் கொண்டுவருவார்.